செயலிக்குள் வந்த வரைகலை: மலிவுக் கணினி பிறந்த வரலாறு

முன்னுரை

பள்ளித் தவணை தொடங்கும் நேரத்தில் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு இலக்கண நூலில் விடை கிடையாது. “டீச்சர், பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும். கையில ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிதான் இருக்கு. எது வாங்குறது?” கணினி ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், தமிழில் பேசி விளக்கம் பெற அவர்களுக்கு நாம்தான் பக்கத்தில் இருக்கிறோம். சிம்பாங் பூலாய் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்களில் குடியேறிய குடும்பங்களுக்கு இந்தத் தொகை பல மாதச் சேமிப்பு. தவறாகச் செலவாகிவிட்டால் அடுத்த கணினி வாங்க இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும். அதற்குள் பிள்ளை எஸ்.பி.எம். எழுதி முடித்திருக்கும்.

கடைப் பட்டியலில் எண்களும் எழுத்துகளும் நிறைய இருக்கும். அவற்றுள் பணத்தை அதிகம் மிச்சப்படுத்துவதும், தெரியாவிட்டால் அதிகம் வீணாக்குவதும் ஒரே ஒரு கேள்விதான்: திரையில் தெரியும் படத்தை எந்தச் சில்லு வரைகிறது? தனி அட்டையா, தாய்ப்பலகையா, செயலியா? கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த வேலை மூன்று இடங்களுக்கு மாறியிருக்கிறது. அந்த இடமாற்றத்தின் வரலாறு தெரிந்தால், பெட்டியின் மேல் அச்சாகியுள்ள ஓர் எழுத்தை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம்.

தொடங்குமுன் ஒரு சொல் தெளிவு. ‘செயலி’ என்றால் இன்று மாணவர்களுக்குக் கைப்பேசியில் இறக்கும் ‘ஆப்’தான் நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் செயலி என்பது கணினியின் மூளையாகிய புரோசசர். ‘வரைகலை’ என்பது கிராஃபிக்ஸ். செயலியின் உள்ளேயே வரைகலைப் பகுதியும் சேர்ந்திருந்தால் அதை ஒருங்கிணைந்த வரைகலை என்கிறோம்.

முதல் காலம்: தனி அட்டை (1981 முதல் 1998 வரை)

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் செயலி இன்டெல் 8088. கணக்குப் போடத் தெரிந்த அந்தச் செயலிக்குப் படம் வரையத் தெரியாது. திரையில் ஏதாவது தெரிய வேண்டுமானால் தனியாக ஒரு காட்சி அட்டையை வாங்கிச் செருக வேண்டும். ஐ.பி.எம். இரண்டு அட்டைகளை விற்றது. ஒன்று ஒரே நிறத்தில் எழுத்தை மட்டும் காட்டும். வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 25 வரி. மற்றொன்று வண்ணப் படம் காட்டும், ஆனால் 320க்கு 200 புள்ளிகளில் நான்கே நிறங்கள்.

எழுத்து மட்டும் காட்டும் அட்டையில் எழுத்துருவங்கள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தன. மொத்தம் 256 உருவங்கள். அத்தனையும் ஆங்கிலம், ஐரோப்பிய எழுத்துகள், கோடுகள், குறிகள். தமிழுக்கு அங்கே இடமில்லை. ‘அ’ எழுத வேண்டுமானால் அதைப் புள்ளி புள்ளியாக வரையத்தான் வேண்டும். அதாவது எழுத்தையும் படமாகத்தான் வரைய வேண்டும்.

இந்தச் சிக்கல் தமிழருக்கு மட்டும் வரவில்லை. வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர் தம் முனைவர் ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் தட்டெழுத விரும்பினார். ஓர் அட்டையில் அந்த எழுத்தே இல்லை. மற்றதில் புள்ளிகள் போதவில்லை. ஆகவே அவரே ஓர் அட்டையை வடிவமைத்தார். 1982இல் வெளிவந்த அந்த ஹெர்குலிஸ் அட்டை, ஒற்றை நிறத் திரையில் 720க்கு 348 புள்ளிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கக் கூடியது. பிறகு உலகம் முழுக்க விற்றது. இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், மாணவர்களே. கணினி வரைகலை என்றாலே விளையாட்டுக்காக வந்தது என்று நினைக்கிறோம். ஆனால், அதன் ஆரம்ப காலத்து முக்கியமான அட்டை ஒன்று, நம் வட்டாரத்து மொழி ஒன்றை எழுத வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது.

நம் நாட்டில் முத்து நெடுமாறன் ‘முரசு’ தமிழ் மென்பொருளை உருவாக்கியது 1985இல். அந்தக் காலத்துக் கணினியில் தமிழ் தெரிந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட வரைகலை வசதிகளும் இருந்தன. 1987இல் ஐ.பி.எம். வி.ஜி.ஏ. தரத்தைக் கொண்டு வந்தது. 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். அதன் பிறகு 1990களில் முப்பரிமாண விளையாட்டுகள் பரவின, அட்டைகள் ஒன்றையொன்று முந்தின, விலையும் ஏறியது. கணினி வாங்குபவர் செயலிக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை என்று இரண்டு முறை பணம் கட்ட வேண்டியிருந்தது.

இரண்டாம் காலம்: தாய்ப்பலகை (1999 முதல் 2009 வரை)

1998 பிப்ரவரியில் இன்டெல் நிறுவனமே ஐ740 என்ற வரைகலைச் சில்லை வெளியிட்டது. தனி அட்டைச் சந்தையில் அது நிற்கவில்லை. ஆனால், அந்தத் தோல்வி வேறொரு வழியில் பயன்பட்டது. அதே தொழில்நுட்பத்தை இன்டெல் தாய்ப்பலகையின் துணைச் சில்லுக்குள் வைத்து, 1999இல் 810 என்ற பெயரில் விற்றது. இனித் தனி அட்டை வாங்காமலே திரையில் படம் வரும். அலுவலகம், பள்ளி, சாதாரண வீடு ஆகியவற்றுக்கான மலிவுக் கணினி இப்படித்தான் பரவியது.

மலிவுக்கு விலை இல்லாமலா? இரண்டு விலைகள் இருந்தன. முதலாவது, இந்த வரைகலைக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் பொது நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நினைவகமே குறைவாக இருந்த அந்தக் காலத்தில் அது பெரிய இழப்பு. இரண்டாவது, 810 பலகைகளில் நல்ல வரைகலை அட்டையைச் செருகும் ஏ.ஜி.பி. பள்ளமே வைக்கப்படவில்லை. பின்னாளில் கையில் காசு சேர்ந்தாலும் நல்ல அட்டை போட முடியாது. இந்தக் குறையை அடுத்த ஆண்டே, 2000இல், 815 என்ற சில்லு தீர்த்தது. அதில் உள்ளே வரைகலையும் இருந்தது; ஏ.ஜி.பி. பள்ளமும் இருந்தது. இன்றைக்கு வாங்குவோரும் மறக்கக் கூடாத பாடம் இது: மலிவாக வாங்குவதில் தப்பில்லை, பின்னால் மேம்படுத்த வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இக்காலத்தின் இன்னொரு பாடம் நீதிமன்றத்தில் கிடைத்தது. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. கண்ணாடி போல் மினுங்கும் அதன் திரை அழகுக்கு ஓரளவு வலுவான வரைகலை வேண்டும். விஸ்டா வருவதற்கு முன்பே கடைகளில் இருந்த கணினிகளில் ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்ற பொருளில் ஒட்டுத்தாள்கள் ஒட்டப்பட்டன. இன்டெலின் 915 துணைச் சில்லு கொண்ட கணினிகளும் அந்த ஒட்டுத்தாளைப் பெற்றன. அவற்றின் ஒருங்கிணைந்த வரைகலையால் அந்தப் புதிய திரைத் தோற்றத்தைக் காட்டவே முடியாது. ஏமாந்தோம் என்று வாங்கியவர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் மைக்ரோசாஃப்டின் உள்மின்னஞ்சல்கள் வெளியாயின. அந்த நிறுவனத்தின் மேல்நிலை அதிகாரி ஒருவரே, தாம் 2,100 டாலர் கொடுத்து வாங்கிய மடிக்கணினி மின்னஞ்சல் பார்க்க மட்டுமே உதவுகிறது என்று குறைபட்டிருந்தார். 2009இல் நீதிமன்றம் அதைக் கூட்டு வழக்காக நடத்தும் அனுமதியை விலக்கிக்கொண்டது. வழக்கு வலுவிழந்தாலும் பாடம் நின்றது. ஒட்டுத்தாள் சொல்வதை நம்பாமல், உள்ளே இருக்கும் சில்லின் பெயரைப் படிக்க வேண்டும்.

மூன்றாம் காலம்: செயலிக்குள் (2010 முதல்)

2006 ஜூலையில் ஏ.எம்.டி. நிறுவனம், வரைகலை அட்டைகளுக்குப் பேர்போன கனடா நிறுவனமாகிய ஏ.டி.ஐ.யை 540 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. செயலியையும் வரைகலையையும் ஒரே சில்லாக ஆக்குவதே திட்டம். கணக்குப் போடும் பகுதியும் படம் வரையும் பகுதியும் ஒரே வீட்டில் இருந்தால் பாகங்கள் குறையும், மின்சாரம் மிச்சம், விலையும் இறங்கும்.

ஆனால், முதலில் கடைக்கு வந்தது இன்டெல். 2010 ஜனவரியில் வந்த அதன் மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றில், ஒரே உறையின் கீழ் இரண்டு தனித்தனிச் சில்லுகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஒன்று செயலி, மற்றது வரைகலை. அடுத்த ஆண்டு, 2011 ஜனவரியில், ‘சேண்டி பிரிட்ஜ்’ தலைமுறையில் இரண்டும் ஒரே சிலிக்கான் துண்டாக ஆகிவிட்டன. காணொலியை விரித்துக் காட்டுவதற்கும் சுருக்கிச் சேமிப்பதற்கும் தனிப்பகுதியும் அதில் சேர்ந்தது. அதே 2011இன் நடுப்பகுதியில் ஏ.எம்.டி.யின் ‘லானோ’ வந்தது. அதன் ஏ8-3850 போன்ற மேசைக் கணினிச் செயலிகளில் கணக்குப் பகுதி இன்டெலைவிட மெதுவானது. வரைகலைப் பகுதி இன்டெலைவிட வலுவானது. இரண்டு நிறுவனங்களுக்கும் இடையில் இந்த வேறுபாடு பல ஆண்டுகள் தொடர்ந்தது.

மலிவுக் கணினிக்குப் பெரிய திருப்பம் 2018 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான முதல் ரைசன் மேசைக் கணினிச் செயலிகளில் வரைகலை இல்லை. தனி அட்டை கட்டாயம். 2018இல் ஏ.எம்.டி. 99 டாலருக்கு ரைசன் 3 2200ஜி, 169 டாலருக்கு ரைசன் 5 2400ஜி ஆகியவற்றை வெளியிட்டது. சாதாரண விளையாட்டுகளைக்கூடத் தனி அட்டை இல்லாமல் ஓரளவு ஓட்ட முடிந்தது. ‘ஜி’ என்ற கடைசி எழுத்து அப்போதிலிருந்து மலிவுக் கணினி கட்டுவோருக்குப் பழக்கமானது.

நம் வட்டாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பாயான் லெப்பாஸ் வந்துவிடும். 1972இல், லிம் சோங் இயூ பினாங்கு முதலமைச்சராக இருந்தபோது, அங்கே சுதந்திர வணிக வட்டாரம் உருவானது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று பினாங்கில் இன்றும் குறிப்பிடுவார்கள். அவற்றில் இரண்டு, இன்டெலும் ஏ.எம்.டி.யும். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் தொழிற்சாலையே பினாங்கில்தான். ஆக, மேசைக் கணினிச் செயலி விற்கும் இரண்டு பெரிய போட்டியாளர்களும் ஒரே ஆண்டில் ஒரே இடத்தில் நம் நாட்டில் கால் வைத்தார்கள்.

அந்தத் தொழிற்சாலைகளின் ஊழியர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கெடாவிலிருந்தும் வட பேராக்கிலிருந்தும் தொழிற்சாலைப் பேருந்துகள் அவர்களை ஏற்றிச் சென்றன. பால்மரம் சீவிய குடும்பங்களின் தமிழ்ப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். ஏ.எம்.டி.யின் பினாங்குத் தொழிற்சாலை 2016இல் ஒரு சீன நிறுவனத்துடன் கூட்டு நிறுவனமாக மாறியது; ஆனால் ஏ.எம்.டி. செயலிகளைப் பொதிந்து சோதிக்கும் வேலை அங்கே தொடர்கிறது.

கிந்தா பள்ளத்தாக்குக்கு இந்தத் தொழில் வந்த வழி வேறு. இங்கே பல தலைமுறை ஈய லம்பங்களை நம்பியிருந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தோட்டங்களும் வீடமைப்பு நிலமாக மாறிக்கொண்டிருந்தன. லம்பத்தையும் தோட்டத்தையும் விட்டு வந்தவர்கள் நாடிய வேலைகளில் ஒன்று மின்னணுத் தொழில். ஈப்போவில் கார்செம் 1972 முதலே இயங்கி வந்தது. 1989இல் தொடங்கப்பட்ட யூனிசெம் நிறுவனத்தின் தொழிற்சாலை, நம் சிம்பாங் பூலாயின் பூலாய் ஜெயா தொழிற்பேட்டையில் இருக்கிறது. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் சுண்ணாம்புக் குன்றுகளைத்தான் பார்ப்பார்கள். அதே ஊரில் சில்லுகள் பொதியப்படுவது பலருக்குத் தெரியாது. மேசைக் கணினிச் செயலி இங்கே செய்யப்படுவதில்லை. வேறு கருவிகளுக்கான சில்லுகள்தாம். ஆனால் தொழில் ஒன்றே.

அது என்ன தொழில்? சிலிக்கான் தட்டில் நுண்சுற்றுகளைப் பதிக்கும் வேலை அமெரிக்கா, தைவான், அயர்லாந்து போன்ற இடங்களில் நடக்கிறது. அந்தத் தட்டைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் அடித்தளத்தில் பொருத்தி, இணைப்புக் கொடுத்து, மூடி, சோதித்துத் தரம் பிரிப்பது நம் நாட்டில் நடக்கிறது. உலகில் நடக்கும் இந்தப் பொதிதல், சோதித்தல் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் என்று கணக்கிடுகிறார்கள். பழைய இன்டெல் செயலி கிடைத்தால் அதன் மூடியைத் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் ‘மலாய்’ என்று பொறித்திருக்கும். ஏ.எம்.டி. செயலிகள் பலவற்றில், சுற்று பதித்த நாட்டின் பெயரும் அதன் கீழே ‘மேட் இன் மலேசியா’ என்ற வரியும் இருக்கும்.

‘எஃப்’ என்ற எழுத்தின் கதை

சோதித்துத் தரம் பிரிப்பது என்றேன். நம் தலைப்புக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். ஒரே துண்டில் செயலியும் வரைகலையும் இருந்தால், செயலிப் பகுதி நன்றாக இருந்து வரைகலைப் பகுதியில் மட்டும் குறை ஏற்படலாம். அதைக் குப்பையில் போடுவதா? வரைகலையை அணைத்துவிட்டுச் செயலியாக மட்டும் விற்கலாமே.

2018இல் இன்டெலுக்கு உற்பத்தித் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2019 ஜனவரியில், பெயரின் கடைசியில் ‘எஃப்’ சேர்த்த செயலிகளை அது அறிவித்தது. கோர் ஐ5-9400எஃப் அவற்றில் ஒன்று. ‘எஃப்’ என்றால் உள்ளே வரைகலை வேலை செய்யாது. தனி அட்டை இருந்தால்தான் திரையில் படம். இதில் வேடிக்கை, முதலில் இரண்டுக்கும் அறிவித்த விலை ஒன்றே. 2019 அக்டோபரில்தான் ‘எஃப்’ வகைகளின் விலையை இன்டெல் குறைத்தது. இன்று ‘எஃப்’ வகை பெரும்பாலும் மலிவு. எப்படியும் தனி அட்டை வாங்கப் போகிறவருக்கு அது நல்ல பேரம். அட்டை வாங்கக் காசில்லாதவருக்கு அது கறுப்புத் திரை.

என் படிவம் ஐந்து மாணவர் ஒருவரின் வீட்டில் நடந்தது இது. அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை. ‘கேமிங் பிசி’ என்ற பெயரில் பழைய கணினி ஒன்றை ஒரு கடையில் வாங்கினார்கள். உள்ளே ஐ5-9400எஃப் செயலி, பல வருஷம் உழைத்த ஒரு வரைகலை அட்டை. மூன்று மாதத்தில் அட்டை செத்தது, திரை கறுத்தது. தாய்ப்பலகையின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தது, அதில் கம்பியை மாட்டிப் பார்த்தார்கள், அப்போதும் படம் வரவில்லை. “கம்ப்யூட்டரே போச்சு, புதுசுதான் வாங்கணும்” என்று சொல்லிவிட்டார்கள். எஸ்.பி.எம்.முக்கு நான்கு மாதம்தான் இருந்தது. உண்மையில் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் காட்ட மட்டும் உதவும் பழைய அட்டை ஒன்றை நூறு வெள்ளிக்குள் வாங்கிப் போட்டதும் எல்லாம் சரியாயிற்று. அந்த ஓர் எழுத்தின் பொருள் தெரிந்திருந்தால் பயமும் இல்லை, அலைச்சலும் இல்லை. எழுத்தறிவு என்று நாம் சொல்வதில் இதையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பள்ளிகள் மூடின, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று அவ்வாண்டு கல்வி அமைச்சின் ஆய்வு காட்டியது. 2021 வரவு செலவுத் திட்டத்தின் வழி 500 பள்ளிகளில் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் ‘செர்டிக்’ திட்டம் அறிவிக்கப்பட்டது.

அதே சமயத்தில் உலகெங்கும் வரைகலை அட்டைகளுக்குத் தட்டுப்பாடு. சில்லு உற்பத்தி தடைப்பட்டது ஒரு காரணம். மின்னாணயம் தோண்டுவோர் அட்டைகளை வாரிக்கொண்டு போனது இன்னொரு காரணம். அறிவித்த விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல் விற்ற காலம் அது. அட்டை வாங்குவது சாதாரணக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாததாயிற்று. 2021 ஆகஸ்டில் ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜியைக் கடை விற்பனைக்கு விட்டது. ஆறு கருக்கள், உள்ளே வரைகலை, 65 வாட். தனி அட்டை இல்லாமல் இணைய வகுப்பு, தட்டச்சு, காணொலித் தொகுப்பு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டது. ஒரு காலத்தில் ‘சும்மா ஒப்புக்கு இருக்கிற வரைகலை’ என்று ஏளனம் செய்யப்பட்டது, பலருக்கு அன்று ஒரே வழியாக இருந்தது.

இன்று வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்தே வழிகாட்டிகள் கிடைக்கின்றன.

ஒன்று, கடைசி எழுத்தைப் படியுங்கள். இன்டெலில் ‘எஃப்’ இருந்தால் வரைகலை இல்லை. கோர் ஐ3-12100, ஐ5-12400 ஆகியவற்றில் உண்டு. 12100எஃப், 12400எஃப் ஆகியவற்றில் இல்லை. ஏ.எம்.டி.யில் 5000 வரிசை வரை பொதுவாக ‘ஜி’ இருந்தால்தான் உண்டு. 5600, 5500 என்று வெறும் எண்ணோடு நின்றால் இல்லை. 2022 செப்டம்பரில் வந்த 7000 வரிசை முதல் ‘ஜி’ இல்லாதவற்றிலும் சிறிய வரைகலை உண்டு. 7500எஃப் போல ‘எஃப்’ இருந்தால் மட்டும் இல்லை. 2024 ஜனவரியில் வந்த 8600ஜி, 8700ஜி ஆகியவற்றில் வரைகலை மிக வலுவானது. ஆனால் அவற்றுக்கு டி.டி.ஆர்.5 நினைவகமும் புதிய தாய்ப்பலகையும் வேண்டும். மொத்தச் செலவு கூடும்.

இரண்டு, நினைவகத்தை இரண்டு துண்டுகளாக வாங்குங்கள். ஒருங்கிணைந்த வரைகலை பொது நினைவகத்தைத்தானே பயன்படுத்துகிறது? டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒரு துண்டு விநாடிக்கு 25.6 கிகாபைட் கடத்தும். இரண்டு துண்டு இரு தடங்களில் 51.2 கிகாபைட். ஆகவே 16 கிகாபைட் ஒரே துண்டாக வாங்குவதைவிட 8, 8 என்று இரண்டாக வாங்குவது வரைகலைக்கு நல்லது. விலையில் பெரிய வேறுபாடு இருக்காது.

மூன்று, எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். கட்டுரை தட்டெழுதுதல், இணைய வகுப்பு, யூடியூப் பாடம் ஆகியவற்றுக்கு ஐ3-12100 போதும். யூடியூப் பயன்படுத்தும் ‘ஏவி1’ என்ற காணொலி வடிவத்தை அதன் வரைகலை நேரடியாகவே விரித்துக் காட்டும். 5600ஜியின் வரைகலைக்கு அந்த வசதி இல்லை. அதன் ஆறு கருக்கள் அந்த வேலையைச் செய்துவிடும். எளிய விளையாட்டு, படத்தொகுப்பு, வடிவமைப்பு என்றால் 5600ஜி வலுவானது.

நான்கு, மேம்படுத்த இடம் இருக்கிறதா பாருங்கள். 1999இன் 810 பலகையை நினைவில் வையுங்கள். 2023 முதல் இன்டெல் என்100 செயலி கொண்ட கையளவுக் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. மின்சாரம் மிகக் குறைவு. தட்டெழுதவும் பாடம் பார்க்கவும் போதும். ஆனால் செயலி பலகையிலேயே ஒட்டப்பட்டது, மாற்ற முடியாது. நினைவகம் ஒரே தடம். வரைகலை அட்டைக்கான பள்ளம் பெரும்பாலும் இருக்காது. பிள்ளை படிவம் ஆறு, பல்கலைக்கழகம் வரை அதே கணினியைப் பயன்படுத்த வேண்டுமென்றால், அட்டை செருகும் பள்ளமுள்ள மேசைக் கணினியே மேல்.

ஐந்து, பழைய கணினி வாங்குவதானால் விண்டோஸ் 11 ஏற்குமா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல் ஏற்கும். ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசை முதல் என்பார்கள். ஆனால் 2200ஜி, 2400ஜி இரண்டும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. பெயரில் 2000 இருந்தாலும் அவை முந்தைய தலைமுறை வடிவமைப்பு. 3200ஜி முதல் உண்டு. பழைய பொருள் கடைகளில் இந்த இரண்டும் மலிவாகக் கிடைப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆறு, பணம் கொடுக்குமுன் வரைகலை அட்டை இல்லாத கணினியாக இருந்தால் தாய்ப்பலகைத் துளையில் திரையை மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அட்டை இருந்தால், அதைக் கழற்றிய பிறகும் படம் வருமா என்று கேளுங்கள். வரும் என்றால், அட்டை கெட்டாலும் பிள்ளையின் படிப்பு நிற்காது.

முடிவுரை

தனி அட்டையில் இருந்த வேலை தாய்ப்பலகைக்கு வந்தது. அங்கிருந்து செயலிக்குள் வந்தது. ஒவ்வொரு முறை இடம் மாறியபோதும் கணினியின் விலை இறங்கியது. ஏழை வீட்டுக்குக் கணினி கொஞ்சம் பக்கத்தில் வந்தது. அதே சமயம், உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்குவோர் கண்ணுக்கு மறைந்துகொண்டே வந்தது. 1985இல் வாங்கியவர் அட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தார். இன்று வாங்குபவருக்குக் கிடைப்பது ஓர் எழுத்து மட்டும்.

அந்தச் சில்லுகளைப் பொதிந்து சோதித்துத் தரம் பிரிக்கும் தொழிலில் ஐம்பது ஆண்டுகளாக நம் மாநிலத்துப் பெண்களும் ஆண்களும் உழைத்து வருகிறார்கள். நல்லது எது, குறையுள்ளது எது என்று பிரித்து அனுப்பும் ஊர்க்காரர்கள் நாம். கடையில் நின்று வாங்கும்போது மட்டும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல் இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை பெற்றோர் கேட்டால், ஒரு தாளில் “கடைசி எழுத்து என்ன?” என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். கடைக்காரர் அதற்குச் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு விலை பேசலாம்.

மாணவர் கலந்துரையாடலுக்கு

1. ஹெர்குலிஸ் அட்டை உருவானதற்கான காரணத்தையும், தமிழைக் கணினியில் காட்டுவதில் இருந்த சிக்கலையும் ஒப்பிடுக.

2. 1999, 2011, 2018, 2021 ஆகிய ஆண்டுகளைக் காலக்கோட்டில் குறித்து, ஒவ்வோர் ஆண்டும் மலிவுக் கணினிக்கு ஏற்படுத்திய மாற்றத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுக.

3. 1985 ஈயச் சந்தைச் சரிவுக்குப் பின் கிந்தா பள்ளத்தாக்கில் தொழில் மாறியதை உங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, 150 சொற்களில் எழுதுக.

4. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குள் மேசைக் கணினி வாங்க விரும்பும் ஒரு குடும்பத்துக்கு, மேற்கண்ட ஆறு குறிப்புகளில் மிக முக்கியமானவை என நீங்கள் கருதும் மூன்றைக் காரணத்துடன் விளக்கி, ஆலோசனைக் கடிதம் ஒன்று எழுதுக.